பெட்டி எடுத்தவன் மலை இறங்கக் கூடாது

அத்திக்கொல்லைக் காளியம்மனுக்கு ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே அம்மனின் சேலை, வெள்ளிக் கண்மலர், துருப்பிடித்த ஒரு கத்தி. அந்தப் பெட்டியை மூன்று வருஷம் ஒரு வீட்டுக்காரன் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் அந்தி தவறாமல் கோயிலில் விளக்கேற்ற வேண்டும், வெள்ளிக்கிழமை காலையில் பூசை செய்து விபூதி கொடுக்க வேண்டும். முடி வெட்டக் கூடாது. மலை இறங்கக் கூடாது.

மலை இறங்க யாருக்கும் வேலை இல்லாத காலத்தில் போட்ட கட்டுப்பாடு அது. அப்போது பெட்டிக்கு அடிதடியே நடந்ததாம். இப்போது அத்திக்கொல்லை இருக்கிற நெல்லிவாசல்நாட்டில் வீட்டுக்கு ஒரு ஆளாவது கீழே இருக்கிறார். போர்வெல் லாரியோடு ஆந்திரா சுற்றுகிறவன், கேரளாவில் டைல்ஸ் ஒட்டுகிறவன், குடகில் காப்பி பறிக்கிறவள், ஆம்பூரில் செருப்பு தைக்கிறவள். தை மாதம் பெட்டிப் பேச்சு வந்தால் ஊரில் பாதிப் பேருக்குத் திடீரென்று கீழே அவசர வேலை வந்துவிடும்.

2025 தையில் முறை சின்னான் வகையறாவுக்கு வந்தது. அந்த வகையறாவில் மிஞ்சியவை இரண்டு வீடுகள். ஒன்று தசரதனுடையது. இன்னொன்று அவன் பெரியப்பன் மகன் அர்ச்சுனனுடையது. தசரதனுக்கு வாணியம்பாடித் தோல் பட்டறையில் வேலை. அர்ச்சுனன் சிங்கப்பூரில் இருந்தான்.

ரேஷன் கடை வாசலில் கூட்டம். ஊர்க்கவுண்டர் கேட்டார்: "ரெண்டு வூட்ல யாரு எடுக்கறீங்க?"

தசரதன் எழுந்து நின்றான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"அண்ணன் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாருங்க."

அர்ச்சுனன் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவனும் தசரதனும் முகம் பார்த்துப் பேசிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஊருக்கே தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியூரில் இருப்பவனுக்காகப் பங்காளி பேசலாம், பேசினால் அது அவனே வந்து பேசியதற்குச் சமம். அத்திக்கொல்லையில் நிலம் பிரித்ததும் பெண் நிச்சயித்ததும் அப்படித்தான். பங்காளி வாக்கைச் சபையில் சந்தேகப்பட ஆரம்பித்தால் ஊரில் பாதிக் கல்யாணத்தைத் திரும்ப நடத்த வேண்டியிருக்கும்.

"அப்ப அர்ச்சுனன்தான்" என்றார் கவுண்டர்.

தசரதன் உட்கார்ந்தான். ரொம்ப நாள் பசியில் இருந்தவனுக்குச் சோற்று வாசனை வந்த மாதிரி இருந்தது.

சிங்கப்பூருக்கு முதலில் போனவன் அர்ச்சுனன். கப்பல் கட்டும் யார்டில் சாரம் கட்டும் வேலை. மலையில் மரம் ஏறிய கால் இரும்புக் குழாயிலும் நிற்கும் என்று கம்பெனியில் சொல்லி, ஊரிலிருந்து இன்னும் மூன்று பேரை இழுத்துக்கொண்டான். மூன்றாவது ஆள் தசரதன். கடலில் எண்ணெய் தோண்டும் மேடைகளை அந்த யார்டில் கட்டினார்கள். எவ்வளவோ உயரம். மேலே நின்றால் கீழே லாரி தீப்பெட்டி மாதிரி தெரியும். தசரதனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஊரில் வீடு கட்ட ஆரம்பித்தான்.

ஒரு வருஷம் கழித்து உலகத்தில் எண்ணெய் விலை விழுந்தது. மேடை கட்டச் சொன்னவர்கள் வேண்டாம் என்றார்கள். யார்டில் ஆட்களைக் குறைத்தார்கள். சூப்பர்வைசர் அர்ச்சுனனைக் கூப்பிட்டு, உங்கள் ஊர் ஆள் நாலு பேரில் ஒருவன் போக வேண்டும், யாரென்று உங்களுக்குள் பேசிச் சொல்லுங்கள் என்றான். வயதில் மூத்தவன், சம்பளம் கூடியவன் அர்ச்சுனன். கம்பெனியே ஆளைப் பொறுக்கியிருந்தால் அவனைத்தான் பொறுக்கியிருக்கும்.

அன்று தசரதன் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்ட கப்பல் ஒன்றில் வேலையாக இருந்தான். மற்ற மூவரும் தங்கும் விடுதி அறையில் ஊர்க்கூட்டம் மாதிரியே வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். தசரதன் திரும்பி வந்தபோது அவன் பேர் சூப்பர்வைசரிடம் போயிருந்தது, அவன் துணிகள் பையில் இருந்தன. மடித்தவன் அர்ச்சுனன். அழகாக, ஓரம் பிசகாமல் மடித்திருந்தான்.

"இன்னாண்ணா இது?"

"நீதானடா போன்ல சொன்ன? திரௌபதிக்கு ஒடம்பு முடியல, நான் போறேன்னு."

"நான் எப்பண்ணா சொன்னேன்?"

அர்ச்சுனன் மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தான். "பாத்தியா வெள்ளையா, இப்ப மாத்திப் பேசறான்."

வெள்ளையன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பங்காளி சொன்னாரு தசரதா. நாங்க இன்னா பண்றது?"

ஊரில் அவன் மனைவி திரௌபதிக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஜீப்பிலிருந்து பையோடு இறங்கியவனைப் பார்த்து, கையிலிருந்த அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். வீடு ஜன்னலுக்கு மேலே லிண்டல் வரை வந்திருந்தது. அதற்கு மேல் வரவில்லை. இன்றைக்கும் அப்படியே, மேலே தகரம் போட்டு நிற்கிறது. தசரதன் ஊர்க்கவுண்டரிடம் போய் நடந்ததைச் சொன்னான். "பங்காளிச் சண்டைய சபைக்குக் கொண்டாராத. நாளைக்கு உன் பேச்சுக்கும் மதிப்பிருக்காது" என்றார் அவர். தசரதன் அந்த வார்த்தையைப் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

வாணியம்பாடியில் தோலுக்குச் சாயம் அடிக்கும் வேலை கிடைத்தது. பட்டறை சூப்பர்வைசர் சுஃப்யானின் மச்சான் சிங்கப்பூரில் ஆள் எடுக்கும் ஆபீஸ் ஒன்றில் இருந்தான். மத்தியானம் டீ குடிக்கும்போது தசரதன் தவறாமல் கேட்பான்: "பாய், அங்க இன்னா சேதி?"

"உனக்கு இன்னாத்துக்குப்பா? நீ இங்க ஆட்டுத்தோலுக்கு மேக்கப் போடற. அந்த ஊரு சேதிய வெச்சுகினு இன்னா பண்ணப்போற?"

"சும்மா, கேட்டுக்கறேன்."

கேட்டுக் கேட்டு, விட்டு வந்த ஊரின் நாடித்துடிப்பு அவனுக்குப் பழகிவிட்டது. கப்பல் வேலை இன்னும் எழுந்திருக்கவில்லை என்றால் அன்றைக்கு நன்றாகத் தூங்குவான். ஹோட்டலில் தட்டு எடுக்க மிஷின் வந்துவிட்டது, கூட்டித் துடைக்கவும் மிஷின் வந்துவிட்டது என்று பாய் சொன்னால், சாரம் கட்டவும் வராதா என்று கேட்பான். ஆபீஸ் வேலை, பணம் புரட்டும் கம்பெனி, கம்ப்யூட்டர் இவற்றில்தான் ஆள் கூடுகிறது, கை வேலைக்கு வெளியூர் ஆளைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்றால் இன்னொரு டீ சொல்வான். அந்தச் சின்ன ஊரில் எந்தத் தொழில் விழுந்தாலும் அது அர்ச்சுனன் தலையில் விழ வேண்டும். அவன் வேண்டுதல் அவ்வளவுதான்.

கொரோனா வந்தபோது தொழிலாளர் விடுதிகளை மூடி உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அன்று தசரதன் திரௌபதியிடம் கோழி அடிக்கச் சொன்னான்.

"எதுக்கு?"

"சும்மாதான். அடி."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கோழியைக் கூடையில் போட்டு மூடினாள். "எத்தினி பேரு வூட்டுப் புள்ளைங்க உள்ள கெடக்குதோ. நீ கறி துன்னணுமா?" அன்றைக்குக் களியும் துவையலும்தான்.

ஆனால் அர்ச்சுனன் விழவில்லை. கொரோனா முடிந்ததும் அங்கே கட்டட வேலைக்கு ஆள் பஞ்சம். கப்பலை விட்டுக் கட்டடத்துக்குத் தாவினான். சம்பளம் ஏறியது. ஊரில் அவன் வீட்டுக்கு மாடி ஏறியது. கோயிலுக்கு மார்பிள் போட்டுக் கொடுத்தான், அதில் தன் பேரையும் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு திருவிழாவிலும் தசரதன் அந்தப் பேரின்மேல் செருப்பில்லாத காலோடு நின்றான். வேண்டுமென்றே.

இப்போது பெட்டி.

விஷயம் தெரிந்ததும் அர்ச்சுனன் மனைவி வடிவு வாசலுக்கு வந்து கத்தினாள். "உன்ன யாருய்யா பேசச் சொன்னது? எங்க வூட்டு ஆம்பளைக்கு வாய் இல்லியா?"

"பங்காளி பேசலாம் அண்ணி. பேசினா செல்லும். இது அண்ணனுக்கே நல்லாத் தெரியும். கேட்டுப் பாருங்க."

போனில் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவள் கத்தவில்லை.

பங்குனியில் பெட்டி கை மாறும் முன்னால் அர்ச்சுனன் லீவு போட்டு வந்தான். கறுத்த கண்ணாடி, மணக்கும் சட்டை, தொப்பை. மறுபடி ரேஷன் கடை வாசல். அவன் பேச்சு நேராக ஆரம்பித்தது.

"கவுண்டரே, நான் யாருகிட்டயும் சொல்லல. எனக்கு வேல இருக்குது. மூணு வருஷம் இங்க உக்காந்தா கம்பெனி என்ன வெச்சிருப்பானா? இவன் பொய் சொல்லிட்டான்."

கூட்டம் தசரதனைப் பார்த்தது. இந்த இடத்துக்காகத்தான் அவன் வருஷக்கணக்காகத் தூக்கத்தில்கூடப் பேசிப் பழகியிருந்தான். குரலை உயர்த்தவில்லை.

"பங்காளி பொய் சொன்னா அது கட்டுமா கட்டாதா, அத இன்னிக்கே முடிவு பண்ணிடுங்க. கட்டாதுன்னா எனக்கும் ஒரு கேஸு இருக்குது. வெள்ளையன் இங்கதான் உக்காந்துகினு இருக்கான்."

வெள்ளையன் பீடியைக் காலில் போட்டு மிதித்தான். இல்லாத நெருப்பையும் சேர்த்து மிதித்தான்.

கவுண்டர் கிழவர், ஆனால் மந்தமில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அர்ச்சுனா, நீயே சொல்லு. பங்காளி பேர வெச்சுப் பொய் சொல்றவன இந்த ஊரு இன்னா பண்ணும்?"

எல்லோருக்கும் தெரியும். அவன் சபையில் உட்கார முடியாது. அவன் வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள், அங்கிருந்து எடுக்கவும் மாட்டார்கள். அர்ச்சுனனுக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள். ஒடுகத்தூர் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள்.

அர்ச்சுனன் முன்னால் இரண்டே வழி. தசரதன் வாக்கு பொய், அதனால் கட்டாது என்றால் பெட்டியிலிருந்து தப்பலாம். ஆனால் சிங்கப்பூர் அறையில் தான் சொன்னதும் பொய் என்று வெளியே வரும். இல்லையென்றால் பெட்டியை எடுக்க வேண்டும். தசரதன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லு. சொல்லிடு. பெட்டி என் தலையிலேயே விழட்டும், மூன்று வருஷம் தாடி வளர்த்துக்கொண்டு கிடக்கிறேன். நான் பொய் சொன்னேன் என்று மட்டும் இவர்கள் எதிரில் சொல்லிவிட்டு நீ பிளேன் ஏறு.

அர்ச்சுனன் கண்ணாடியைக் கழற்றினான்.

"பங்காளி சொன்னா சொன்னதுதான். எடுத்துக்கறேன்."

கூட்டம் 'ஆங்' என்றது. யாரோ ஒரு பெண் குலவையிட்டாள். அவனை மெச்சினார்கள். சிங்கப்பூர் வேலையை அம்மனுக்காக உதறிவிட்டானே என்று.

வீட்டுக்கு வந்து தசரதன் தகரத்தின் கீழ் உட்கார்ந்தான். திரௌபதி தண்ணீர் கொடுத்தாள்.

"அதான் வேலைய உட்டு எறக்கிட்டியே. மூஞ்சி ஏன் இப்படிக் கீது?"

"அவன் வாயால வரலடி."

பெட்டி கை மாறிய முதல் வெள்ளிக்கிழமை தசரதன் கோயிலுக்குப் போனான். பட்டறைக்கு வெள்ளிதான் விடுமுறை. வரிசையில் நின்று கையை நீட்டினான். அர்ச்சுனன் வேட்டியில், முள் முள்ளாய்த் தாடியோடு, விபூதித் தட்டோடு வந்தான். பின்னால் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"ரொம்ப ஆடாத. எனக்கு அங்க இன்னும் ஒரு வருஷம்தான் இருந்துது. இத்தினி வருஷத்துக்கு மேல நம்மாளுங்கள அங்க வெச்சிக்க மாட்டாங்க, அது ரூலு. எப்படியும் அனுப்பியிருப்பாங்க. கொஞ்சம் முந்தி வந்தேன், அவ்ளோதான். மரியாதையா வந்தேன்."

தசரதன் நீட்டிய கையை இழுக்காமல் கேட்டான்: "அன்னிக்கு ரூம்ல சொன்னது பொய்தான?"

"ஆமா, பொய்தான்." விபூதியை அவன் கையில் போட்டான். "போய் ஊருக்குச் சொல்லு. யாரு நம்பறா பாக்கலாம்."

அந்த ரூலை எப்படி மறந்தோம் என்று தசரதன் தன்னையே அறைந்துகொள்ளாத குறை. எத்தனை வருஷச் சேதி! கப்பல், கட்டடம், ஹோட்டல் என்று எல்லாம் கேட்டானே, அர்ச்சுனனுக்கு அங்கே இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்பதை மட்டும் கேட்கவில்லை. இவன் அடித்தது செத்த பாம்பை. சில வாரம் கோயில் பக்கமே போகவில்லை. பட்டறையில் சாயத்தைக் கொட்டி சுஃப்யானிடம் திட்டு வாங்கினான்.

ஜூலையில் ஒரு நாள் டீ நேரம். சுஃப்யானே பேச்சை எடுத்தான்.

"இன்னாப்பா, இப்பல்லாம் சிங்கப்பூர் சேதியே கேக்கறதில்ல? பெரிய சேதி ஒண்ணு கீதே."

"இன்னா பாய்?"

"வருஷக் கணக்க எடுத்துட்டானாம். இனிமே எத்தினி வருஷம் வேணாலும் வேல செய்யலாமாம். வயசும் அறுபத்து மூணு வரைக்கும் ஏத்திட்டான். அங்க ஆளு பத்தலப்பா. அவங்க ஊருல கெழம் ஜாஸ்தி, புள்ள கம்மி. தெரிஞ்ச ஆள எதுக்கு அனுப்பணும்னு யோசிச்சிருக்கான்."

தசரதன் டம்ளரைக் கீழே வைத்தான். "இன்னொரு தபா சொல்லுங்க."

சொன்னான். போதவில்லை. மச்சானையே பேசச் சொல்லி, அந்தக் குரலைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டான். வெள்ளி வரும்வரை அதைத் தனியாக வைத்துத் தனியாகக் கேட்டான்.

கோயிலில் கையை நீட்டிக்கொண்டே சொன்னான்: "ண்ணா, உன் ரூல எடுத்துட்டாங்களாம்."

"எந்த ரூலு?"

போனை அவன் காதோரம் பிடித்தான். அர்ச்சுனன் கேட்டான். தட்டிலிருந்து விபூதி எடுத்த விரல் தட்டுக்கும் கைக்கும் நடுவில் நின்றது. அவனுக்கு வயது ஐம்பத்தொன்று. அவன் உதடு அசைந்தது. அறுபத்து மூன்றிலிருந்து கழித்துப் பார்க்கிறான் என்று தசரதனுக்குத் தெரிந்தது. அந்தக் கழித்தல் முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்து, விபூதியை வாங்கி நெற்றி நிறையப் பூசிக்கொண்டான்.

அதன் பிறகு ஒரு வெள்ளியும் தவறவில்லை. பெரிய விமான நிலையத்தில் புது டெர்மினல் கட்டுகிறார்களாம், ண்ணா. வீடுகள் கட்ட ஆள் கேட்கிறார்களாம். உன் பழைய கம்பெனியில் சாரத்துக்கு ஆள் தேடுகிறார்களாம், உன்னைக்கூட விசாரித்தார்களாம். கடைசியாகச் சொன்னது மட்டும் அவனாகச் சேர்த்தது. பங்காளிகள் காதோடு காது பேசுவதைப் பார்த்து ஊர்க்கவுண்டருக்குப் பரம திருப்தி. "அம்மா சேத்து வெச்சுட்டா பாரு" என்று எல்லோரிடமும் சொன்னார்.

வடிவு ஒருநாள் ஓடையில் வழிமறித்தாள். "தம்பி, அவருகிட்ட எதையும் சொல்லாதய்யா. சோறு எறங்கல அவருக்கு. வெள்ளிக்கெழம வந்தாலே வவுத்தால போவுது."

"நான் இன்னா அண்ணி சொல்லிட்டேன்? சேதி சொல்றேன். ஆகாதுன்னா காத மூடிக்கச் சொல்லுங்க."

ஐப்பசியில் சுஃப்யான் இன்னொன்றும் சொன்னான். மச்சான் ஆபீஸ் ஆள் வாணியம்பாடிக்கு வருகிறான், சாரம் தெரிந்தவன் வேண்டும். "உனக்கு நாப்பத்தேழு. தாராளமா எடுப்பான். வெள்ளிக்கெழம பாஸ்போர்ட்ட எடுத்துகினு வந்துடு. அன்னிக்கு உட்டா அப்புறம் அவன் கடலூரு போய்டுவான்."

திரௌபதி அன்றிரவே பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தாள். "போய்ட்டு வாய்யா. லிண்டலுக்கு மேல நாலு வரி செங்கல் பாத்துட்டு நான் சாவறேன். அவன் கதைய உடு."

வெள்ளி காலை சட்டையை உள்ளே விட்டு, பாஸ்போர்ட்டை மேல்பையில் வைத்துக்கொண்டு தசரதன் கிளம்பினான். மலை இறங்கும் ஒரே ஜீப் வர நேரமிருந்தது. கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்தச் சேதியை நேரில் சொல்லாமல் போக முடியுமா? இதைவிட வலிக்கிற ஒன்று இனி கிடைக்காது. வரிசையில் நின்றான்.

"ண்ணா, உன் வேலைக்கு நானே போறேன்."

அர்ச்சுனன் நிமிர்ந்தான். தாடி நெஞ்சைத் தொட்டது. துடிப்பான் என்று பார்த்தால், முகத்தில் ரொம்ப நாளாகக் காணாத ஒரு தெளிச்சி.

"நெசமாவா? எப்ப?"

"இன்னிக்கு ஆளப் பாக்கறேன். எடுத்துட்டா ரெண்டு மாசம்."

"போடா. போயிடு." அர்ச்சுனன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். விபூதித் தட்டு சாய்ந்தது. "நல்லா இருப்ப. உன் கால்ல வேணா உழறேன். எங்கயாவது போய்த் தொலடா தசரதா. இந்த வெள்ளிக்கெழமைய என்னால தாங்க முடியல."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கீழே ரோட்டில் ஜீப் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. திரௌபதி வாசலிலிருந்து கூப்பிடுவதும் கேட்டது. தசரதன் தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். அன்று விடுதி அறையில் அவன் துணியை ஓரம் பிசகாமல் மடித்த கை.

"உடுண்ணா" என்று மெல்ல விரல்களைப் பிரித்தான். "பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

ஜீப் கிளம்பிப் போகும் சத்தம் வளைவுக்கு வளைவு குறைந்துகொண்டே போனது. தசரதன் திரும்பி நடந்து, வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றான்.